ஒன்றரை மெகா முகம்

ஒரு முகத்தின் விலை ஒன்றரை மெகா. சிரிக்கிற முகமானாலும் அழுகிற முகமானாலும், நேற்றுக் கட்டியவளின் முகமானாலும் இருபத்தைந்து வருடம் பழகிய முகமானாலும் விலையில் வித்தியாசம் கிடையாது. முகம் வேண்டாம், குரல் போதும் என்றால் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டும் வேண்டாம், நாலு எழுத்து போதும் என்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம், கறிவேப்பிலைக் கொத்து மாதிரி.

கத்மோனோவுக்கு இந்த விலைப்பட்டியல் மனப்பாடம். அவன் பொனொரோகோ சந்தையில் ஆட்டுத் தரகு செய்த குடும்பத்தில் பிறந்தவன். அந்தக் குடும்பத்தில் ஆட்டின் இடுப்பைத் தட்டியே எடை சொல்லுவார்கள், சாரத்துக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள், முகத்தில் மட்டும் ஒன்றையும் காட்டமாட்டார்கள். கத்மோனோ ஆட்டை விட்டுவிட்டு இணையம் விற்க வந்தான். ஆடு கத்தும், மேயும், இருட்டில் தொலைந்துபோகும். இணையம் அப்படியெல்லாம் செய்யாது என்று நினைத்தான். முப்பத்தாறு வயதில் அப்படி நினைத்தான். இப்போது வயது நாற்பத்தேழு. இணையமும் கத்தும், மேயும், பட்டப்பகலிலேயே தொலைந்துபோகும் என்று தெரிந்துவிட்டது.

வதுலாவாங் மலைமேல் அறுபது வீடு. கீழே வட்டாரத் தலையூரோடு இணையக் கம்பி நின்றுவிடுகிறது. அங்கே மாதக் கட்டணத்துக்கு நாற்பது மெகா வாங்கி, காற்றில் ஏற்றி மேலே கொண்டுவருகிறான் கத்மோனோ. நேரே கொண்டுவர மலை விடாது. அதனால் இடையில் இரண்டு ரிலே. ஒன்று கிராம்புக் கிடங்கின் கூரையில். மற்றது சாலை வளைவில், சார்மி அக்காவின், ஊர்ப்பேச்சில் யூ சார்மியின், காப்பிக்கடைக் கூரையில், மூங்கில் கம்பத்தின் உச்சியில் கட்டிய வெள்ளைத் தட்டு. ரிலே என்பது ஊர்வம்பு பேசுகிறவர் மாதிரி. அங்கே கேட்டதை இங்கே சொல்லவேண்டும். ஆனால் கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடுவதால் நாற்பது மெகா கிடங்கைத் தாண்டும்போது இருபதாகிறது, காப்பிக்கடையைத் தாண்டும்போது பத்தாகிறது. ஒவ்வொரு தரகனும் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிற வியாபாரம். அவனுடைய தாத்தா உயிரோடிருந்தால் இதில் உள்ளவன் எவனும் உருப்படமாட்டான் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

பத்து மெகாவில் ஆறு முகம் போகும். ஏழாவது முகம் ஏறினால் ஏழும் சில்லுச் சில்லாக உடையும்.

வார நாட்களில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஞாயிறு. வதுலாவாங்கிலிருந்து இருபத்துமூன்று பெண்கள் ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்க்கிறார்கள். அங்கே ஞாயிறு விடுமுறை. இருபத்துமூன்று பேரும் ஒரே காலையில் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய், நிழல் பார்த்து உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வீட்டைக் கூப்பிடுவார்கள். இங்கே புருஷன்மார் தலைவாரி, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, தொலைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக் காத்திருப்பார்கள்.

இதற்குக் கத்மோனோ ஒரு வழி கண்டான். ஊரில் அரிசான் எல்லோருக்கும் பழக்கம். மாதம் ஒருமுறை கூடிக் குடுவையைக் குலுக்கி யார் பெயர் விழுகிறதோ அவருக்குச் சீட்டுப்பணம். அதேபோல ஞாயிற்றுக்கிழமை நேரத்தையும் குலுக்கினான். ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, மணிக்கு ஆறு வீடு. நாலு மணி நேரத்தில் இருபத்துமூன்று வீடும் முடிந்துவிடும், ஓர் இடம் மிச்சம்கூட இருக்கும். மூன்று மாதம் அருமையாக நடந்தது.

நாலாவது மாதம் வாழைப்பழம் வர ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் ஜெமிரான். வாசலில் நின்று, வானத்தைப் பார்த்து, கிராம்பு விலையைப் பற்றிப் பேசி, தாரை ஓரமாக வைத்துவிட்டு, கிளம்பப் போகிறவர்போலத் திரும்பினார். "பேத்தி குர்ஆன் முழுசும் ஓதி முடிச்சிருக்கா, கத். அவ அம்மாகிட்டக் காட்டணும்னு நிக்குது. நம்ம நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளமுடியுமா? முடியலேன்னா பரவாயில்ல."

இந்த மலையில் ஒருவர் 'முடியலேன்னா பரவாயில்ல' என்று சொல்லிவிட்டால் அப்புறம் முடியாது என்று சொல்ல எவனாலும் முடியாது. கத்மோனோ, "இங்கிஹ்" என்றான். ஆகட்டும் என்று அர்த்தம். இங்கே பிறந்தவர்கள் பால் குடிக்கும்போதே கற்றுக்கொள்வது. வேண்டியதற்கும் இங்கிஹ், வேண்டாததற்கும் இங்கிஹ். கடன் கேட்டவனிடம் இங்கிஹ் சொல்லிவிட்டு ஆறு மாதம் வேறு பாதையில் நடப்பார்களே தவிர, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்.

அவனுடைய ரௌட்டரில் எட்டுப் படி உண்டு. ஒன்றாம் படியில் இருப்பவர் முதலில் போவார், எட்டாம் படிக்காரர் எல்லோரும் போனபின் போவார். ஜெமிரானை ஒன்றில் வைத்தான். அடுத்த வாரம் சோயாவில் செய்த தெம்பே பொட்டலத்தோடு ஒருவர், அதற்கடுத்த வாரம் சேவலோடு ஒருவர். யாரையும் இறக்க மனம் வரவில்லை, ஏற்றத்தான் வந்தது. இரண்டு வருடத்தில் ஒன்றாம் படியில் பதினெட்டு வீடு நின்றது. எல்லோருக்கும் முதல் மரியாதை கொடுத்தால் கல்யாண வீட்டில் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பதினெட்டு முகமும் உடைந்து வந்தன, பதினெட்டு வீட்டுக்காரரும் தங்களைத் தவிர மற்ற பதினேழு பேரையும் சந்தேகப்பட்டார்கள். கத்மோனோ ஞாயிறு காலைகளில் பல் தேய்க்கும்போதே களைத்துப்போனான்.

எட்டாம் படியில் ஒரே ஒரு பெயர் அசையாமல் இருந்தது. அது அவனுடைய பெயர். கடைக்காரன் முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும்.

அதனால் இருபத்துமூன்று பேரில் ஒருத்தியின் முகம் மட்டும் வதுலாவாங்குக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அவள் வார்த்தினா, அவன் மனைவி. பதினோரு வருடமாக ஹாங்காங்கில். இப்போது அங்கே தை போ பகுதியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியில் காற்று வாங்க அழைத்துப்போகிறாள். கத்மோனோவின் இரண்டு தட்டும் ரௌட்டரும் வீட்டின் டைல்ஸ் தரையும் மகனின் கல்யாணமும் அவள் சம்பளம். ஞாயிறு மாலை, எல்லா வீடும் ஓய்ந்தபின், குரலில் மட்டும் பேசுவார்கள். அவன் உள்ளங்கையில் ஒரு குரல் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கும், இவன் சாப்பிட்டேன் என்பான்.

வியாழக்கிழமை அவளிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது, புருஷனைக் கூப்பிடும் 'மஸ்' என்ற சொல்லோடு. இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்கத் துணிவு இல்லை.

"மஸ், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குள்ள ஏஜென்ட் ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். போட்டா இன்னும் ரெண்டு வருஷம். போடவா, ஊருக்கு வரவான்னு கேட்டா நீங்க 'உன் இஷ்டம்'னுதான் சொல்லுவீங்க. உங்க குரல்ல எனக்கு ஒண்ணும் பிடிபடாது. தரகர் வீட்டுக் குரல் அது. அதனால இந்த ஒருதடவை முகத்தைக் காட்டுங்க. அங்க பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுறேன். முகத்தைப் பாத்துட்டு நானே முடிவு பண்ணிக்கிறேன்."

வந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. ஆனால் அவள் பணத்தில் தட்டு வாங்கி, அவள் பணத்தில் தரை போட்டவன், சம்பாதித்தது போதும் வா என்று எந்த வாயால் சொல்வது? முகம் சொல்லட்டும். முகத்துக்கு ஒன்றரை மெகாதான்.

*

ஞாயிறு பதினொன்று பத்துக்கு ஊர் முழுவதும் ஒரே மூச்சில் அறுந்தது. மெதுவாகவில்லை, உடையவில்லை, அறுந்தேபோனது. கத்மோனோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு காப்பிக்கடைக்கு இறங்கினான். வழியில் மூன்று வீட்டு வாசலில் மூன்று புருஷன்மார், கையில் தொலைபேசியோடு, ஒன்றும் கேட்காமல் புன்னகை மட்டும் செய்தார்கள். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

யூ சார்மியின் கடைக்கு நானூற்றைம்பது வாட் மீட்டர். ஒரு விளக்கு, ஒரு குளிர்பெட்டி, கத்மோனோவின் தட்டு. இதோடு ஒரு ரைஸ் குக்கர் வரை தாங்கும். தட்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்குப் பதிலாகச் சார்மிக்கு இணையம் இலவசம். இன்று சாலை ஓரச் சுவர் கட்டும் ஊர்ப்பணிக்கு நாற்பது பொட்டலம் சோறு கேட்டிருந்தார்கள். சார்மி அக்கம்பக்கத்தில் இன்னொன்றை இரவல் வாங்கி இரண்டு ரைஸ் குக்கரையும் ஒன்றாகச் சொருகியிருந்தார். மீட்டர் டக்கென்று விழுந்துவிட்டது. ஏற்றினால் மறுபடி விழும்.

"தட்டைப் பிடுங்கிட்டேன். கொஞ்ச நேரந்தான், சோறு வேகட்டும்" என்றார் சார்மி.

"யூ, இன்னைக்கு ஞாயிறு."

"எனக்குத் தெரியாதா? ஹாங்காங்ல எனக்கு யாரும் இல்ல, ஆனா நாள்காட்டி இருக்கு. நாப்பது பேருக்குச் சோறு. உன் தட்டு எத்தனை பேருக்கு?"

"இருபத்துமூணு."

"நாப்பது பெரிசா, இருபத்துமூணு பெரிசா? நீயே சொல்லு, சந்தைக்காரன் பிள்ளை."

சந்தைக்காரன் பிள்ளைக்கு இதில் வழி தெரியும். எதிராளியின் கணக்கை மறுக்கக்கூடாது. சரக்கை நகர்த்த வேண்டும். ஒரு குக்கரைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் வேகவைத்து, ஒரு மணிக்குள் சோறாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அவன் வீட்டு மீட்டர் தொள்ளாயிரம். சார்மி கொஞ்சம் யோசித்தார். அடிப்பிடித்தால்? அடிப்பிடித்தால் ஒரு மாதம் அவன் குடிக்கும் காப்பிக்கு இரட்டை விலை. பேரம் முடிந்தது. தட்டைச் சொருகினான். கம்பத்தின் உச்சியில் பச்சை விளக்கு கண் திறந்தது. அரிசியும் தண்ணீருமாக ஐந்து கிலோ கனத்தில் தளும்பும் குக்கரைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முதல் கியரிலேயே மலையேறினான்.

வீட்டுக்குள் வந்து குக்கரைச் சொருகிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மணி பதினொன்று நாற்பத்தொன்பது. இழந்த நேரத்தைப் பிடிக்க ஊரே ஒரே சமயத்தில் ஏறியிருந்தது. திரையில் எல்லாப் பெயரும் சிவப்பு. பத்து மெகாவில் இருபது முகம் நெருக்கியடித்தது. எட்டாம் படியில் அவனுக்கு மிஞ்சியது ஒரு குரலுக்குக்கூடக் காணாது.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண் இருக்கும். வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. போவது பக்கம் அவன் போனதே இல்லை. அங்கே எல்லோருக்கும் எட்டு, ஊர் முழுவதுக்கும் சேர்த்து ஒரு மெகா. அவன் தொழில் தொடங்கிய காலத்தில் இந்த மலையிலிருந்து கீழே அனுப்ப யாரிடம் என்ன இருந்தது? பந்தாட்டமும் பாட்டும் மேலே வந்தால் போதும் என்றார்கள். பத்து மெகாவில் ஒன்பதை வருவதற்கு ஒதுக்கினான், ஊர் வாழ்த்தியது. கேட்டு வந்தவர்களெல்லாம் வருவது பக்கத்துக்காகத்தான் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள்.

பதினெட்டுப் பெயரையும் பார்த்தான். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தாரோ, பொட்டலமோ, சேவலோ தெரிந்தது. பிறகு அவன் வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். பதினெட்டையும் தேர்ந்தெடுத்து ஒன்றிலிருந்து எட்டுக்கு இறக்கினான். தன்னை எட்டிலிருந்து ஒன்றுக்கு ஏற்றினான். பெயருக்கு எதிரே ஒன்றரை மெகா என்று எழுதினான். அறையில் யாரும் இல்லை. ஆனாலும் காது சூடாகியது.

பன்னிரண்டுக்கு வார்த்தினா கூப்பிட்டாள்.

முகம் வந்தது. எத்தனை நாளாகிவிட்டது என்று கணக்குப் போடாமல் இருந்தது நல்லது என்று அந்த நொடியில் தோன்றியது. கட்டம் இல்லை, சில்லு இல்லை, உதடும் குரலும் ஒன்றாக அசைந்தன. காதோரம் நரை. இடது புருவத்துக்கு மேலே ஒரு புது வடு. அவன் தன்னை மறந்து சிரித்துவிட்டான், பல்லெல்லாம் தெரிய, ஆட்டுக்குட்டி வாங்கிய பிள்ளைபோல. பின்னால் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"தெரியுதா?" என்றான்.

"தெரியுது மஸ்" என்றாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

சாப்பாடு, மகன், கிழவரின் இருமல், வடு எப்படி வந்தது என்று கொஞ்ச நேரம் போனது. வடு அலமாரிக் கதவு. குக்கர் டக்கென்று தணிந்தது, ஆவி நின்றது. அவள் தொலைபேசியை இன்னும் அருகில் கொண்டுவந்தாள்.

"சொல்லுங்க மஸ். போடவா?"

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். முகத்தில் ஒன்றையும் காட்டாத நாலு தலைமுறைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முகத்தை அப்படியே திறந்து வைத்தான். தனியாக வேகவைத்த சோறு, மாலைக் குரல், டைல்ஸ் தரையின் குளிர், பதினோரு வருடம், எல்லாம் அதில் இருக்கட்டும் என்று விட்டான். கண் கலங்கியதைத் துடைக்கவில்லை. துடைத்தால் அவள் பார்க்கமாட்டாள். திரை மூலையில் அவனுடைய சின்னப் படம் அவனைப்போலவே கலங்கியது. பார்த்துத் திருப்தி அடைந்தான்.

"உன் இஷ்டம்" என்றான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் நீர் தேங்கியது, முகத்தில் எதுவோ இறங்கியது. சந்தையில் அவன் அதைப் பார்த்திருக்கிறான். விற்க மனமில்லாமல் ஆட்டைக் கொண்டுவந்து, யாரும் தரமாட்டார்கள் என்று வாய்க்கு வந்த விலையைச் சொல்ல, வாங்குபவன் பேரமே பேசாமல் பணத்தை எண்ணிவிட்டால், ஆட்டுக்காரன் முகம் அப்படி ஆகும்.

"சரி மஸ். புரிஞ்சுது" என்றாள்.

அழைப்பு பதினொரு நிமிடத்தில் முடிந்தது. அவன் அந்த முகத்துக்குச் சந்தோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டான். பெண்கள் சந்தோஷத்தில் அழுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதினெட்டுப் பேரையும் பழையபடி ஏற்றிவிட்டு, சோற்றோடு காப்பிக்கடைக்கு இறங்கினான். அடிப்பிடிக்கவில்லை. சார்மி கரண்டியால் கிளறிப் பார்த்து ஒப்புக்கொண்டார். அவர் கேட்காமலே, "வந்துடுவா, யூ" என்றான். சார்மி ஒரு காப்பியை முன்னால் வைத்தார். காசு வேண்டாம் என்று கையை அசைத்தார். இந்தக் கடையில் அது பெரிய விஷயம்.

பாதிக் காப்பியில் தொலைபேசி அதிர்ந்தது. வார்த்தினா ஒரு படம் அனுப்பியிருந்தாள், கீழே எழுத்து. கையெழுத்துப் போட்டாச்சு மஸ். நீங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. போடவான்னு கேட்டப்பவே படத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்.

படத்தில் கத்மோனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். தலையில் தொப்பி. பின்னால் குக்கர் ஆவி.

சார்மி எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்க. எப்ப எடுத்தது?"

"இப்பத்தான். அவ கேட்டப்ப எடுத்ததா சொல்றா." படத்தை விரலால் பெரிதாக்கினான். "அவ கேட்டப்ப ஆவி இல்ல, யூ. நான் பதில் சொன்னப்ப தொப்பியும் இல்ல."

காப்பி ஆறியது. தலைக்கு மேலே மூங்கில் உச்சியில் பச்சை விளக்கு கேட்பதும் சொல்வதுமாக விட்டுவிட்டு மினுக்கியது. அவள் முகம் அவனிடம் வர ஒன்றரை மெகா கொடுத்திருந்தான். அவன் முகம் அவளிடம் போக எட்டாம் படியில், ஊர் முழுவதுக்குமான ஒரு மெகாவில், அடிபட்டுக்கொண்டு நின்றிருந்தது. முதல் நொடியின் சிரிப்பு மட்டும் எப்படியோ நுழைந்து போயிருக்கிறது. அதற்குப் பின் குரல்தான் போயிருக்கிறது. குரல் மெலிந்தது, சந்துக்குள் புகுந்துவிடும். பதினொரு நிமிடமும் அவள் ஒரு சிரிக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு 'உன் இஷ்டம்' என்பதைக் கேட்டிருக்கிறாள். மூலையில் கலங்கிய சின்னப் படம் அவன் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

வேறு ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஜெமிரானின் மகள் எண்ணைத் தேடி ஹாங்காங்குக்கு எழுதினான்: குழந்தை ஓதியதை அன்றைக்கு நீ பார்த்தாயா, எப்படித் தெரிந்தது? பதில் உடனே வந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு கத் ஐயா. வாயத் திறந்தபடி ஒரே படம். ஆனா குரல் முழுசும் கேட்டுச்சே, அது போதும். ரொம்ப நன்றி."

இன்னும் இரண்டு பேரைக் கேட்டான். ஒருத்தி, மகன் நடக்க ஆரம்பித்ததை ஒரு கால் தூக்கிய படமாகப் பார்த்திருக்கிறாள். இன்னொருத்தி, மலைமேல் நெட்வொர்க் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள். இருபத்துமூன்று பெண்கள், பத்து வருடம். யாரும் குறை சொல்லவில்லை. அவர்களும் இதே மலையில் பால் குடித்தவர்கள். படம் வருதா என்று வீட்டார் கேட்டால் இங்கிஹ் என்றிருப்பார்கள். அதுவும் போக, குறை சொல்ல வாசலுக்கு வந்தவர்களெல்லாம் இங்கே இருந்தவர்கள். பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்தவளால் வாழைத்தாரோடு மலையேறி வந்து நிற்க முடியாது.

"ஒப்பந்தம் போட்டாலும் முறிக்கலாமாமே. என் தங்கச்சி மருமக ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டு வந்துட்டா" என்றார் சார்மி, பொட்டலம் மடித்தபடி. "நீ வா-ன்னு சொல்லியிருக்கியா?"

"முகத்தால சொன்னேன்."

சார்மி ரப்பர் வளையத்தைப் பொட்டலத்தில் மாட்டினார். "வாய் எதுக்கு இருக்கு? ஓசிக் காப்பி குடிக்கவா?"

வீட்டுக்கு வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். அலுப்பு எலும்புவரை இருந்தது. ஆனால் கை ஓடியது. வருவதற்கு ஐந்து, போவதற்கு ஐந்து என்று பிரித்தான். ஆறு முகம் மூன்றாகும். ஆளுக்கு ஒரு மணி என்பதெல்லாம் போச்சு. அப்படி விட்டால் பொழுது சாயும்வரை இழுக்கும், இனி ஆளுக்கு அரைமணிதான். ஒன்றாம் படியில் நிற்கிற பதினெட்டு வீட்டிலும் ஏறி இறங்கி, இனி இல்லை, குலுக்கலில் விழுந்த நேரந்தான் என்று சொல்லவேண்டும். சொல்லிப் பார்த்தான். காலி அறையில்கூட அந்த வார்த்தை சுலபமாக வரவில்லை.

வார்த்தினாவுக்கு எழுதினான்: அந்தப் படம் முதல் நொடியில் நின்றுவிட்டது. அப்புறம் என் முகம் அப்படி இல்லை.

இரண்டு கோடும் நீலமாகின, படித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி வந்தது.

"அப்போ எப்படி இருந்துச்சு?"

அவன் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். விரல் வழக்கம்போல 'உன் இஷ்டம்' பக்கம் போனது, இழுத்துப் பிடித்தான். எழுத்து எட்டாம் படியிலும் போகும், காற்று அடித்தாலும் போகும், மீட்டர் விழுவதற்கு முந்திய நொடியில்கூடப் போய்விடும். பதினோரு வருடத்தில் எந்த நாளிலும் 'வா' என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, குலுக்கல் எழுதும் நோட்டை எடுத்தான். எழுதிப் பார்த்தால் தெளியும் என்பது சந்தைப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை. மேலே வருவது ஐந்து மெகா, மூன்று முகம். கீழே போவது ஐந்து மெகா, மூன்று முகம். ஒன்றாம் படி காலி.

இருபத்திரண்டு வீடு: வந்தது பத்து வருடத்து ஞாயிறு. போனது நின்ற படங்கள். பாக்கி, அடுத்த ஞாயிறிலிருந்து ஆளுக்கு அரைமணி வீதம்.

வார்த்தினா: வந்தது பதினொரு நிமிடம், குறைவில்லை. போனது ஒரு சிரிப்பு. பாக்கி இரண்டு வருடம், அல்லது நாலு எழுத்து.